எடைமேடை

முப்பத்தோரு வருஷம்
தண்டையார்பேட்டை எடைமேடையில் உட்கார்ந்திருந்தேன்.
லாரி சரக்கோடு ஏறும், எழுதுவேன்.
இறக்கிவிட்டு வெறும் வண்டியாய்த் திரும்பும், எழுதுவேன்.
கழித்து வருவதுதான் சரக்கு.
டிரைவர் சொல்வதல்ல.

எண்ணூர் விரைவுச்சாலையில்
புதிதாய் எழும்பியிருக்கிற மூத்தோர் குடியிருப்பையும்
அப்படித்தான் இரண்டு முறை எடை போட்டேன்.

முதல் முறை ஞாயிறு மதியம், அழைப்பின் பேரில்.
ஜெசிந்தாவுக்குக் கஞ்சி போட்ட புடவை,
எனக்குக் கைப்பை நிறையக் கேள்வி.
விற்பனைப் பையன் ஹரீந்திரன் கட்டடத்தைக்
கம்யூனிட்டி என்றான்.
இரண்டாம் மாடி தானாக நடப்பவர்களுக்கு.
நான்காம் மாடி கைபிடிக்க ஆள் வேண்டியவர்களுக்கு.
ஆறாம் மாடி, குரலைத் தாழ்த்தினான்,
மறதிக்காரர்களுக்கு.
மேலே போகப் போக மாதக் கட்டணம் ஏறும்,
கடலும் நன்றாகத் தெரியும்.

முன்பணம் எண்பத்தைந்து லட்சம்.
ராயபுரம் வீட்டுக்குத் தரகர் சொன்ன அதே தொகை
இவனுக்கு எப்படித் தெரிந்தது?
காலத்துக்குப் பிறகு எழுபது சதவீதம் திரும்புமாம்.
யாருக்கு என்றேன்.
"உங்க வாரிசுக்கு மேடம்."
நாங்கள் இரண்டு பேரும்
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

தையல் டேப்பை எடுத்து லிப்டை அளந்தேன்.
"என்ன பாக்கறீங்க மேடம்?"
"ஆழம்."
ஏழடி. படுத்தபடியே இறக்கலாம்.

சாப்பாட்டில் முள் நீக்கிய வஞ்சிரம்.
ஜெசிந்தா ஒரு துண்டை வாயில் வைத்தாள்,
கூடம் முழுக்கக் கேட்கச் சொன்னாள்:
"ஐஸ் மீன்."
கூப்பிடு தூரத்தில் காசிமேடு.
போன மாதம் செத்துப்போன தம்பியை மறந்தவளுக்கு
மீன் மறக்கவில்லை.

படிவத்தில் 'இரண்டாம் நபர்' என்று ஒரு வரி.
கணவர், மனைவி, இரண்டே கட்டம்.
அக்காவுக்குக் கட்டம் இல்லை.
"கேட்டுச் சொல்றேன் மேடம்."

வீட்டுக்கு வந்து அவள் பையைத் திறந்தால்
அவர்களுடைய ஸ்பூன் ஒன்று.

இரண்டாம் முறை செவ்வாய், இரவு ஏழே முக்கால்,
சொல்லாமல், தனியாக.
பதிவேட்டில் 'வந்த காரணம்' என்ற இடத்தில்
ஸ்பூன் என்று எழுதினேன்.
காவலாளி இரண்டு தரம் படித்துவிட்டு
உள்ளே விட்டார்.

அன்று மேல்காற்று.
ஞாயிறன்று மல்லிகை ஸ்பிரே மணத்த வரவேற்பறையில்
மணலி உட்கார்ந்திருந்தது.
அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது,
என் மேடையில் காற்று ஏறியதில்லை.
உடற்பயிற்சி இயந்திரங்கள் பிளாஸ்டிக் உறை பிரியாமல்.
நான்காம் மாடியில் அழைப்புமணி.
கடிகாரத்தைப் பார்த்தேன்.
ஆறு நிமிஷம், பத்து விநாடி.

பூல்மணி, ஜார்க்கண்டுப் பெண்,
படியேறி ஓடி வந்தாள்.
இரண்டு மாடிக்கு ராத்திரியில் அவள் ஒருத்திதான்.
"பக்தவச்சலு சார், என் தோள புடி,
அவசரப்படாத, நான் எங்கயும் போவல."
அச்சு அசல் வண்ணாரப்பேட்டைப் பேச்சு.
அவருடைய ஈரத் துணியை
ஒளித்துச் சுருட்டினாள், நான் பார்க்காதபடி.
பார்த்தேன்.

சமையற்கட்டில் ஸ்பூனைக் கொடுத்தேன்.
ஆள் டிராயரைத் திறந்து எண்ணினார்.
"நூத்தி இருவது. இப்ப சரி.
ஞாயித்துக்கெழமைலேருந்து தேடிட்டு இருந்தோம்மா."

திரும்பும் பஸ்ஸில் கணக்குப் போட்டேன்.
மல்லிகை கழிந்தது, மீன் கழிந்தது,
கடலும் ஏறக்குறையக் கழிந்தது.
பூல்மணி நின்றாள்,
ஆனால் இரண்டு மாடிக்கு ஒருத்தியாக.
ஸ்பூனைத்தான் எந்தப் பக்கம் எழுதுவதென்று தெரியவில்லை.
ஒன்று குறைந்தால் தேடுகிற இடம்.
ஒன்றைக்கூட வெளியே விடாத இடம்.

ராத்திரி படிவத்தை எடுத்து
கணவர், மனைவி இரண்டையும் அடித்தேன்.
பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டு
அக்கா என்று எழுதினேன்.
கையெழுத்து போடவில்லை.

ஜெசிந்தா தூங்காமல் கிடந்தாள்.
"அந்த மீன்காரிகிட்ட
இனிமே வாங்காத" என்றாள்.